கால் போன வழி – 14
வெறுங்கால் விடுமுறை

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மின்படிக்கட்டில் எனக்கு முன்னால் ஓர் இளைஞர் நின்றிருந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, முதுகில் மடிக்கணினிப் பை. காலில் ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற சீனச் சிறுமி அவர் பாதத்தைப் பார்த்தாள், தன் காலணியைப் பார்த்தாள், மறுபடி அவர் பாதத்தைப் பார்த்தாள். படிக்கட்டின் பல்லில் விரல் மாட்டிவிடுமோ என்று எனக்குப் பதற்றம். “சாமி, விரல் பத்திரம்” என்றேன். “சரி சாமி” என்று சிரித்தார். சபரிமலைக்கு 41 நாள் விரதமாம். சிங்கப்பூரிலிருந்து விமானம், பிறகு எருமேலி, அங்கிருந்து பெருவழி. அழுதை ஆற்றில் எடுத்த கல்லைக் கல்லிடுங்குன்றில் போட்டு, கரிமலை ஏறி இறங்கிப் பம்பையை அடைகிற காட்டுப்பாதை. “லீவு கிடைச்சுதா?” என்றேன். “வருஷ லீவு முழுசும் இதுக்குத்தான்” என்றார்.

ஐரோப்பாவில் இந்த வெறுங்கால் நடையையே காசுக்கு விற்கிறார்கள். செபாஸ்டியன் கினைப் என்ற பவேரியப் பாதிரியார் 19ஆம் நூற்றாண்டில் நோயாளிகளை அதிகாலைப் பனிப்புல்லில் வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். அவர் இருந்த பாட் வோரிஸ்ஹோஃபன் என்ற ஊர் இன்றும் அந்த வைத்தியத்தில் பிழைக்கிறது. ஜெர்மனியின் பாட் சோபர்ன்ஹைமில் 1992இல் வெறுங்கால் பாதை ஒன்றைத் திறந்தார்கள். மூன்றரை கிலோமீட்டர், சேறு, கூழாங்கல், புல், நடுவில் ஆற்றையும் கடக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் மலையேறி, ஈர இலைமேல் செருப்பில்லாமல் நடந்து, மாலையில் சூடான சூப் குடிப்பது அங்கே ஒரு வகை விடுமுறை.

மலையையும் அந்தப் பருவத்தையும் சேர்த்து வைப்பது நமக்குப் புதிதில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். தொல்காப்பியம் அதைக் கொடுத்திருப்பது மலைநிலமான குறிஞ்சிக்கு. ஐயப்பமார் மாலை போடுவதும் அந்தக் கூதிரில்தான். ஆனால் ஜொகூரில் கூதிர் என்றால் மழை, அவ்வளவே. இங்கே இலை உதிர்வதைப் பார்க்க ஆண்டின் முதல் மாதங்களில் ரப்பர் தோட்டத்துக்குப் போக வேண்டும். இலையெல்லாம் செம்பழுப்பாகி, காற்றடித்தால் சலசலவென்று கொட்டும். பார்க்க அழகு. பால் குறைந்து கூலியும் குறைவதால் தோட்டத்து ஜனத்துக்கு அந்த அழகு பிடிக்காது.

என் பாட்டி குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அந்த உதிர்ந்த இலைகளின் மேல் வெறுங்காலோடு நடந்தவர். அவர் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், காய்ந்த பலாத்தோல்போல இருக்கும். “ஏன் பாட்டி செருப்புப் போடல?” என்று கேட்டதற்கு, “யாருடா குடுத்தா?” என்றார். செருப்பில்லாத நடை விடுமுறை ஆக வேண்டுமானால், வீட்டில் ஒரு ஜோடி செருப்பு இருந்தாக வேண்டும்.

வெறுங்காலுக்கு மலாயாத் தோட்டங்களில் ஒரு கணக்கு உண்டு: கொக்கிப்புழு. 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருந்த நீரைத் தற்செயலாகக் கைமேல் சிந்திக்கொண்டார். அந்த இடம் அரித்தது. சில வாரங்களில் அவர் மலத்திலேயே புழு முட்டை வந்தது. புழு வாய்வழியாகத்தான் நுழைகிறது என்ற நினைப்பு அதோடு ஆட்டம் கண்டது. புழுக்குஞ்சு ஈர மண்ணில் காத்திருந்து, தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் இறங்கி, அங்கே தொங்கி இரத்தம் உறிஞ்சுகிறது. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் நிறுவனம் இதை ஆராய மலாயா, ஜாவா, ஃபிஜிக்கு ஒரு குழுவையே அனுப்பியது. தோட்டத்திலோ காலரிப்பைச் சேற்றுப்புண் என்று சொல்லி மஞ்சள் அரைத்துப் பூசினார்கள். சோகை பிடித்து மூச்சு வாங்குகிறவரைச் சோம்பேறி என்று பட்டம் கட்டும் வாய்களும் இருந்தன.

பின்னாளில் தோட்டத்துக்குள் கறுப்பு ரப்பர் காலணி வந்தது. ஒரே வார்ப்பு, அடியில் முட்டு முட்டாகப் பிடிமானம், விலை மலிவு. சேறானால் குழாயடியில் காட்டினால் போதும். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘அடிடாஸ் கம்போங்’. ஜெர்மன் கம்பெனிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்று மலை வழிகாட்டிகளான மாலிம் குனோங்குகள் பலர் காலில் இருப்பது அதுதான். நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய பூட்ஸ் பாசியில் வழுக்கும்போது, இந்த மலிவு ரப்பர் பாறையைக் கவ்விக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, ஜொகூர் மலையில் வெறுங்காலோடு ஏறலாமா? மாநிலத்தின் உயர்ந்த மலை குனோங் லேடாங், 1,276 மீட்டர். ஆங்கிலேயர் ஓஃபிர் என்றார்கள். 1854இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாக்காவிலிருந்து வந்து இதில் ஏறினார். அந்தப் பயணத்தில் அவரைப் படுத்தி எடுத்தது புலியோ யானையோ அல்ல, அட்டை. கழுத்தில் ஒன்று முக்கிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்திலேயே பிடித்திருந்ததாம். பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரருக்கே அந்தக் கதி. பழங்கதைப்படி, லேடாங் மலை இளவரசியை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தானுக்கு அவள் விதித்த ஏழு நிபந்தனைகளில் தங்கப்பாலம் உண்டு, ஏழு தட்டுக் கொசு இதயம் உண்டு. செருப்பில்லாமல் ஏறி வா என்பது இல்லை. அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்திருக்கிறது.

அட்டை போகட்டும், உப்புக்கும் எலுமிச்சைக்கும் விட்டுவிடும். பிரம்பு முள் விடாது. அதைவிட எனக்குப் பயம், இந்த மண்ணிலும் நீரிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவை. எலிக்காய்ச்சல் ஒன்று, ஈரமண்ணில் வாழும் நுண்ணுயிரால் வரும் மெலியாய்டோசிஸ் இன்னொன்று. இரண்டுக்கும் காலில் ஒரு சின்னக் கீறலே வாசல். 2010இல் பகாங்கின் லூபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப்போனவர்களுக்கு இந்த நோய்கள் தொற்றி, சிலர் உயிரே போனது. காட்டில் வெறுங்கால் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. ஆசைக்கு நம் பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதைகள் இருக்கின்றன; காலையில் சீனத் தாத்தாக்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே நடப்பார்கள், சேர்ந்துகொள்ளுங்கள்.

விரதகாரருக்கு இந்தத் தீர்ப்பைச் சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். வெறுங்காலோடு நடந்து பழகினால் தோல் தடித்து உணர்ச்சி மரத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 2019இல் கென்ய மக்களிடம் செய்து ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு அப்படியில்லை என்கிறது: தோல் தடிக்கிறது, கடினப்படுகிறது, தரையை உணர்வது குறையவில்லை. பாட்டியின் பலாத்தோல் காலும் முள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். காலை மரக்கச் செய்வது சர்க்கரை. அதே 2019இல் மலேசியாவில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களான நமக்கு. பெருவழியில் கல் கிழித்தாலும் சர்க்கரையில் மரத்த கால் சேதி சொல்லாது.

ஆகவே சர்க்கரை உள்ள சாமிமாரே, மாலை போடுமுன் மருத்துவரிடம் உள்ளங்காலைக் காட்டுங்கள். போட்டபின் தினமும் இரவில் காலைக் கழுவித் துடைத்து, ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பாருங்கள். கண் மங்கியவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: குளுவாங் ரயிலடி)