சுரைக்கொடியின் சுருள்வில்

வீட்டுத் தோட்டத்தில் ஒரு சுரை விதையை ஊன்றினால் போதும். இரண்டே மாதங்களில் பந்தல், வேலி, பக்கத்து மரம் என்று எட்டியதையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். அதை நம் விருப்பப்படி வளர்ப்பது எப்படி? நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

சித்திரையில் ஊன்றிய எங்கள் வீட்டுச் சுரை, ஆனியில் பந்தலை விட்டு முருங்கை மரத்துக்குத் தாவியது. பற்றுக்கம்பிகளைப் பிரித்தெடுத்து, கொடியை இழுத்து வந்து, பந்தற்காலோடு சணலால் இறுகக் கட்டினேன். ஆடிக் காற்று வீசிய ஓர் இரவில் கட்டின் அருகிலேயே தண்டு முறிந்தது. பிஞ்சுகளோடு முக்கால் கொடி வாடிப்போயிற்று. நான் கை வைக்காத கிளை மட்டும் சேதமின்றி ஆடிக்கொண்டிருந்தது. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது முன்பே புரிந்திருக்க வேண்டும்!

ஒரு பற்றுக்கம்பியை உற்றுப் பாருங்கள். இளங்கம்பி காற்றில் வட்டமிட்டுப் பிடிமானம் தேடுகிறது. மெல்லிய குச்சி ஒன்று தட்டுப்பட்டதும் நுனி அதைச் சுற்றி வளைக்கிறது. பின்னர் நடுப்பகுதியும் சுருண்டு, கொடியைப் பிடிமானத்தின் அருகே இழுக்கிறது. இந்தச் சுருளில் ஒரு பாதி வலமாகவும் மறுபாதி இடமாகவும் சுற்றியிருக்கும். இடையில் ஒரு சிறு நேர்ப்பகுதி இருக்கும். சில கம்பிகளில் இப்படித் திசை மாறும் இடங்கள் பல உண்டு.

ஏன் இந்தத் திசை மாற்றம்? ஒரு நூலின் இரு முனைகளையும் நண்பர்கள் இருவர் பிடித்துக்கொள்ளட்டும். நடுவில் ஒரு பென்சிலைக் கட்டி அதைச் சுழற்றுங்கள். பென்சிலின் இரு பக்கங்களிலும் முறுக்கு எதிரெதிர்த் திசைகளில் ஏறும். இரு முனைகளும் சுழல முடியாதபோது, ஒரு பக்கம் ஏறும் முறுக்கை மறுபக்கத்து முறுக்கு ஈடுசெய்தாக வேண்டும். பற்றுக்கம்பியின் நிலையும் இதுவே.

மாங்காய் கல்லில் விழுந்தால் சிதறுகிறது. வைக்கோற்போரில் விழுந்தால் தப்புகிறது. வேகம் அடங்கும் தூரம் கூடினால், தாக்கும் விசை குறையும். சுருள்வில்லும் அப்படித்தான் நீண்டு கொடுத்துக் காற்றின் வெட்டிழுப்பைத் தணிக்கிறது. 1875இல் நூலாக வந்த ஏறுகொடிகள் பற்றிய ஆய்வில் சார்லஸ் டார்வின் இதை விளக்கியிருக்கிறார். சுரைக் குடும்பத்தைச் சேர்ந்த பிரையோனிக் கொடி பலத்த காற்றை எப்படித் தாங்குகிறது என்று காண, அவரே அந்தக் காற்றில் வேலியருகே சென்று நின்றார்.

2012இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எல். மகாதேவன் குழுவினர் வெள்ளரியின் பற்றுக்கம்பியை ஆராய்ந்தனர். அதனுள் நார்ச்செல்களாலான மெல்லிய நாடா ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கம் கூடுதலாகச் சுருங்குவதால் சுருள் உண்டாகிறது. முற்றிய கம்பியை இழுத்தால், பிரிவதற்குப் பதிலாக முதலில் இன்னும் சுற்றிக்கொள்கிறது! மெல்ல இழுத்தால் நெகிழ்கிறது. பலமாக இழுத்தால் விறைக்கிறது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். பருத்த மூங்கிலைப் பற்றுக்கம்பியால் வளைத்துப் பிடிக்க இயலாது. எனவே பந்தற்கால்களில் மெல்லிய மிளார்களையோ கயிற்றையோ சேர்த்துக் கட்டுங்கள். பந்தலை எட்டும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, ஒரே தண்டாக ஏற்றுங்கள். எட்டியதும் நுனியைக் கிள்ளுங்கள். நுனியிலிருந்து இறங்கி வரும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி குறையவே, அதுவரை அடங்கியிருந்த பக்கமொட்டுகள் கிளைக்கும். சுரையில் பெண்பூக்கள் மிகுதியாக வருவது அந்தக் கிளைகளில்தான்.

கொடி வேண்டாத இடத்துக்குத் திரும்பினால், முற்றிய சுருள்களைப் பிரித்து இழுக்காதீர்கள். இளநுனியை மட்டும் வேண்டிய திசையில் எடுத்து வையுங்கள். புதிய கம்பிகள் அங்கே பிடித்துக்கொள்ளும். கட்டியே ஆகவேண்டுமானால் வாழைநாரால் எட்டு வடிவில், தண்டு சற்று அசையும்படி தளர்வாகக் கட்டுங்கள்.

அந்தத் தளர்ச்சியைத்தான் நான் என் கொடிக்குக் கொடுக்கத் தவறினேன்.