தை, மாசி வசூலும் பிளஸ் டூ பரீட்சையும்

தை பிறந்துவிட்டால் டெல்டா வியாபாரிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சம்பா அறுவடை நடக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டவர்களுக்கு வங்கிக் கணக்கில் பணம் ஏறும். ஆடி, ஆவணியிலிருந்து கடன் நோட்டில் கிடந்த பாக்கிகள் அப்போதுதான் இறங்கத் தொடங்கும். பொங்கல் வியாபாரம், அதையடுத்துத் தை, மாசி முகூர்த்தங்களுக்கான சமையல் பட்டியல்கள், பின்னாலேயே மார்ச் 31 கணக்கு முடிப்பு. தஞ்சை கீழவாசலானாலும் கும்பகோணம் பெரிய கடைத் தெருவானாலும் மன்னார்குடி, பட்டுக்கோட்டை கடைவீதிகளானாலும், அந்த மூன்று மாதத்தை நம்பித்தான் மற்ற மாதங்களை ஓட்டுகிறோம்.

அதே மூன்று மாதம்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அறுவடைக் காலம். ஜனவரியில் திருப்புதல் தேர்வு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு. உத்தியோகத்தில் இருப்பவர் பிள்ளையின் பரீட்சைக்காக நாலு நாள் லீவு எழுதிக் கொடுக்கலாம். நாம் யாரிடம் லீவு கேட்பது? கடையை அடைத்தால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்; வசூலுக்குப் போகாவிட்டால் பணம் வேறு கடனுக்குப் போய்விடும். ஆகவே பெரும்பாலான கடைக்கார வீடுகளில் அந்தக் காலத்தில் தகப்பனார் இரவு பத்தரை மணிக்கு வீடு திரும்புகிறார். தாயாரும் பாதி நாள் கல்லாவில். பிள்ளை தனியாகப் படிக்கிறது, தனியாகப் பயப்படுகிறது.

டியூஷனுக்குப் பணம் கட்டுவதில் நம்மவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் பணம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் பேச விரும்புகிறோம்.

தென்கொரியாவில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நடக்கிறது. அன்று அந்த நாட்டில் அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கின்றன. பங்குச் சந்தையே ஒரு மணி நேரம் பிந்தித் தொடங்குகிறது; பிள்ளைகள் நெரிசலில் சிக்காமல் தேர்வுக்கூடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. ஆங்கிலம் கேட்டு எழுதும் நேரத்தில் விமானங்கள் ஏறவும் இறங்கவும் கூடாது. அவ்வளவு கெடுபிடி நல்லதா என்பது வேறு விஷயம். அங்கே பிள்ளைகள் படும் பாடும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கோடிக்கணக்கில் புரளும் சந்தை ஒரு மணி நேரம் காத்திருக்கும்போது, நம் கடை ஷட்டரை இரவில் அரை மணி முன்னால் இறக்கினால் குடி முழுகிவிடாது. அந்த அரை மணியில் புத்தகத்தைப் பிடுங்கிக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. கூட உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். ‘இன்று என்ன நடந்தது?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை செல்போனை எடுக்காமல் இருந்தால் போதும்.

கடைக்கார வீட்டுப் பிள்ளைக்கு மற்ற பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. அதன் மார்க் ஊருக்கே தெரியும். எண்ணெய் வாங்க வந்தவர் கேட்பார், ஏஜென்ட் கேட்பார், லோடு இறக்க வந்தவரும் கேட்பார். நாமும் து.பருப்பு நிறுத்துக்கொண்டே, ‘அரைப் பரீட்சையில் கணக்கு கோட்டை விட்டுட்டான்’ என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிடுகிறோம். நமக்கு அது பேச்சுக்குப் பேச்சு. உள்ளே அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும் பையனுக்கு அது அப்படியில்லை. அவன் அடுத்த நாள் கடைக்கு வர மாட்டான். காரணமும் சொல்ல மாட்டான். வாடிக்கையாளரின் பற்று வரவை இன்னொருவர் காதில் போடுவோமா? அதே நாணயத்தைப் பிள்ளையின் மார்க்குக்கும் காட்டலாமே.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ‘படிக்காவிட்டால் கடையில் உட்கார்ந்து பொட்டலம் மடிக்கத்தான் லாயக்கு’ என்று சொல்லாத தகப்பனார் நம்மில் எத்தனை பேர்? மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட தொழிலைத் தண்டனையாக்கிவிட்டு, பிறகு அதே பிள்ளை பட்டம் வாங்கி வெளியூர் போனதும், ‘கடையைப் பார்க்க ஆள் இல்லை’ என்று சங்கக் கூட்டத்தில் வருத்தப்படுகிறோம். காமர்ஸ் குரூப்பை மார்க் குறைந்தவர்கள் எடுப்பது என்று ஒதுக்குவதும் இதே வகைதான். கணக்குப் பதிவியல் படித்த பிள்ளைதான் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பல கடைகளுக்குக் கை கொடுத்தது. பிளஸ் டூ முடித்தவுடன் சி.ஏ. படிப்பின் முதல் நிலைத் தேர்வை எழுதலாம். பிள்ளைக்கு உயிரியலில் மனம் இருந்தால் அதற்குத் தடை சொல்ல நாம் யார்? ஆனால் எதிர்வீட்டுப் பிள்ளை ‘நீட்’ எழுதுகிறது என்பதற்காக நம் பிள்ளையும் எழுத வேண்டும் என்பது, எதிர்க்கடையில் விற்கிறதே என்று நமக்குப் பழக்கமில்லாத சரக்கை லோடு கணக்கில் இறக்குவது போலத்தான்.

கும்பகோணத்தில் நடந்த ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். கணித மேதை ராமானுஜனை நம் ஊர்ப் பெருமையாகப் பேசுகிறோம். அவர் தகப்பனார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. சாரங்கபாணி சந்நிதித் தெரு வீடு. மாதச் சம்பளம் ஏறத்தாழ 20 ரூபாய். டவுன் ஹைஸ்கூலில் 1904-இல் கணிதப் பரிசு வாங்கி, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார் மகன். எஃப்.ஏ. என்பது ஏறக்குறைய இன்றைய பிளஸ் டூ. கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லவில்லை, தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. ஒரு பருவக் கட்டணமே அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிய காலம் அது. 1905 ஆகஸ்டில், 17 வயதில், வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். பெற்றோர் பத்திரிகையில் ‘பையனைக் காணவில்லை’ என்று அறிவிப்புக் கொடுத்துத் தேட வேண்டியதாயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906-இல் எழுதினார், தேறவில்லை. 1907-இல் தனித்தேர்வராக எழுதினார், அதிலும் தேறவில்லை.

1914-இல் அவர் கேம்பிரிட்ஜுக்குப் போனதும், 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. தேறாதவரெல்லாம் மேதையாவார் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படிச் சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவது. ஒரு கடைக் கணக்கரின் வீட்டில், மார்க்கும் கட்டணமும் ஒரே சமயத்தில் நெருக்கியபோது, 17 வயதுப் பிள்ளை ரயிலேறியது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். நூற்றிருபது ஆண்டு ஆகியும் அந்த நெருக்கடி அப்படியே இருக்கிறது. அன்று ரயிலேறிய பிள்ளை திரும்பி வந்தது. இன்று தேர்வு முடிவு நாளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அப்படித் திரும்புவதில்லை என்பதை நாளிதழ்களில் பார்க்கிறோம்.

ஆகவே, சாப்பாடு குறைந்தால், இரவெல்லாம் விழித்துக் கிடந்தால், சிநேகிதர்களை விட்டு விலகினால், ‘நான் இருந்து என்ன பயன்’ என்பது போல ஒரு வார்த்தை வந்தால், ‘பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும்’ என்று தள்ளிப் போடக் கூடாது. நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. மருத்துவத் துறையின் 104, பள்ளிக்கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம், பெற்றோரும் பேசலாம். நம் தொழில் சார்ந்த ஒரு வேண்டுகோளும் உண்டு. எலி மருந்து, பூச்சி மருந்து வகைகளைக் கடையிலும் வீட்டிலும் பூட்டி வையுங்கள். சில வகை எலிப்பசைகளுக்குத் தமிழக அரசு தடையே விதித்திருக்கிறது. சிறு வயதினர் தனியாக வந்து கேட்டால், ‘வீட்டில் பெரியவர்களை வரச் சொல்’ என்று அனுப்பிவிடுங்கள். அதனால் போகிற வியாபாரம் போகட்டும்.

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இரவு வெகுநேரம் கழித்துத்தான் தூக்கம் வரும் என்பதும் அந்த வயதின் உடல்வாகு. சரக்கு எடுக்க நாம் நாலு மணிக்கு எழுகிறோம் என்பதற்காகப் பிள்ளையையும் எழுப்பி உட்கார வைத்தால், புத்தகம் திறந்திருக்கும், கண் மூடியிருக்கும். கடைக்கு மேல் குடியிருப்பவர்கள் பரீட்சை மாதத்தில் மட்டுமாவது லோடு இறக்குவதைப் பகலுக்கு மாற்றிக்கொள்ள லாரிக்காரரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

பெண் பிள்ளைகளுக்குக் கல்லாவில் வேலை இல்லாவிட்டாலும் அடுப்படியில் உண்டு. அம்மா கடைக்கு வந்துவிட்டால் வீட்டு வேலை முழுவதும் அதன் தலையில். போதாக்குறைக்கு மாசி முகூர்த்தத்தில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அதை அழைத்துப் போய், ‘அடுத்து உனக்குத்தான்’ என்று நாலு பேரைச் சொல்ல வைப்பது. பிளஸ் டூ எழுதும் பெண்ணுக்கு வயது 17. சட்டம் 18-க்கு முன் அனுமதிப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பேச்சே படிப்பைக் குலைத்துவிடுகிறது.

நம் கடையில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளும் இதே மார்ச்சில்தான் பரீட்சை எழுதுகிறார்கள். பரீட்சை நாளில் ஒரு மணி நேரம் தாமதமாக வர அவர் அனுமதி கேட்டால் கொடுங்கள். கேட்கத் தயங்குவார், நாமே சொல்லிவிடுவது நல்லது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. மருத்துவத்திலும் பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. இவையெல்லாம் அவர்கள் காதுக்கு எட்டியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

2017-18 முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு இருந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை விலக்கிவிட்டது. ‘அந்த ஒரு வருஷம் பையனைக் கடையில் நிறுத்திக்கொள்ளலாம்’ என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். நீட், ஜே.இ.இ. கேள்விகள் இரண்டு வகுப்புப் பாடத்திலிருந்தும் வருகின்றன.

பணக் கணக்குக்கு வருவோம். தேர்வு முடிவு மே மாதம். கல்லூரிக் கட்டணம் ஜூன், ஜூலையில். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை தொடங்கும். விவசாயி கடன் நோட்டைத் திறப்பார். நம் பணமெல்லாம் வெளியே போய் நிற்கும் நேரத்தில்தான் கல்லூரியில் சலான் நீட்டுவார்கள். அப்போது கந்து வட்டிக்கு ஓடுவதைவிட, தை, மாசி வசூல் கைக்கு வரும்போதே வாரம் ஒரு தொகையைக் கட்டணத்துக்கென்று தனிக் கணக்கில் போட்டு, கொள்முதலுக்குத் தொடாமல் வைப்பது சுலபம். எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்பதைப் பிள்ளையிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். 17 வயதில் கணக்கு புரியும். சேர்ந்த பிறகு ‘உனக்காக எவ்வளவு கடன் தெரியுமா?’ என்று சொல்லிக் காட்டுவதுதான் புரியாது.

மே 5 வணிகர் தினம். பிளஸ் டூ முடிவு 2023-இல் மே 8, 2024-இல் மே 6, 2025-இல் மே 8 என்று, மாநாட்டு அலைச்சல் தீரும் முன்பே வந்திருக்கிறது. தேதி அறிவித்ததும் குறித்து வைத்துக்கொண்டு, அன்று காலையில் கடைச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள். மார்க் நினைத்ததற்குக் குறைந்திருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம், மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்கலாம். தேறாத பாடத்துக்கு ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு நடக்கிறது. தேறினால் அதே ஆண்டில் கல்லூரியிலும் சேரலாம். விண்ணப்பிக்கும் நாட்கள் மிகக் குறைவு. முடிவு வந்த அன்றே பள்ளியில் விசாரித்துவிடுவது நல்லது. பிள்ளையைத் தனியாக அனுப்பாமல் கூடவே போய் வாருங்கள்.