யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் சங்கடப்படலையும்

ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் அவர்தம் நூல்களை ஆராய்தல் போலவே இல்லங்களையும் ஆராய்தல் வேண்டும். கோயிற் கட்டடக்கலை பற்றிப் பேசுவார் பலர். குடியிருக்கும் வீட்டின் அமைப்பைப் பற்றிப் பேசுவார் சிலரே. ஆதலின் நம் குடாநாட்டு வீட்டமைப்பின் சில சிறப்பியல்புகளை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

நாற்சார் வீடாவது, நடுவே வானம் பார்த்த முற்றமும், அதன் நாற்புறத்தும் சார்ந்து நிற்கும் அறைகளும் தாழ்வாரங்களும் கொண்டது. கூரையின் உட்சரிவுகள் நான்கும் முற்றத்தை நோக்கி இறங்குவன. வெளிச்சுவர்களிற் சாளரங்கள் சிலவாய்ச் சிறியனவாய் இருப்பினும், ஒளியும் காற்றும் முற்றத்தின் வழியே வீடெங்கும் பரவும். வடகீழ்ப் பருவமழையும் அங்கேயே வீழும். வற்றாத ஆறில்லாத, சுண்ணக்கல் நிலமாகிய இக்குடாநாட்டிலே மழைநீரே நிலத்துட் புகுந்து கிணறுகளை நிரப்புவது; ஆகவே மழையை வீட்டின் நடுவே வரவேற்றமை பொருத்தமுடைத்து.

வைரமேறிய முதிர்பனை வளையும் சலாகையுமாயிற்று; அதன் ஓலை கூரைக்கும் வேலிக்கும் உதவிற்று. குடும்பம் பெருகியவிடத்துக் கூரையைத் தாழ நீட்டிப் 'பத்தி இறக்குதல்' வழக்கம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த 'உப்புப்பெட்டி வீடு' என்பதும் இத்தகையதே. வீட்டின் பின்னே புதிதாக அறை சேர்த்தமையால் பின்கூரை நீண்டு தாழ்ந்து, உப்பிடும் மரப்பெட்டியின் வடிவை ஒத்தது. பின்னர்த் தொடக்கத்திலேயே அவ்வாறு கட்டலாயினர். தேவை ஒன்றாயின் வழியும் ஒன்றாதல் காண்க.

இனி, பிறர் வீடுகளிற் காண்டற்கரிய உறுப்பு ஒன்றுண்டு. அதுவே சங்கடப்படலை. வேலியின் வாயிலிலே கால்கள் நாட்டி, சிறு கூரை வேய்ந்து, இருமருங்கும் திண்ணை அமைத்துப் படலையிடுவர். வெயிலாலும் மழையாலும் சங்கடமுற்ற வழிப்போக்கர், வீட்டாரை அழையாமலே ஒதுங்கி இளைப்பாறுதற்கு ஆனமையின் இப்பெயர் பெற்றது என்பர். பருத்தித்துறையில் வீதியின் மேலேயே கூரையமைந்து நிற்கும் தெருமூடி மடமும் இவ்வெண்ணத்தின் விரிவெனலாம்.

ஆயினும் உண்மையை மறைத்தல் கூடாது. படலையின் நிழல் வந்தார்க்கெல்லாம் கிடைத்தது. உட்டிண்ணையும் முற்றமும் எல்லார்க்கும் ஒப்பத் திறந்திருந்தனவல்ல. சாதி வேற்றுமை வாயில்தோறும் காவலிருந்தது. நாம் போற்றவேண்டியது படலையின் அறமேயன்றி, உள்வாயிலின் தடையன்று.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போதும், 2009இல் முடிவுற்ற நீண்ட போரின்போதும் பல வீடுகள் ஆளின்றி இடிந்தன. எஞ்சியவற்றுட் சில, புதுமனை எழுதற்பொருட்டு அழிக்கப்படுகின்றன. வேலி இருந்தவிடத்து உயர்மதில் எழுந்தது, மதிலுக்குத் திண்ணையில்லை.

எல்லாவற்றையும் காத்தல் நம்மால் ஆகாது. அளந்து வரைந்து வைத்தல் ஆகும். மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலுள்ள பழைய வீடொன்றினை, உரியவர் இசைவு பெற்று அளந்து, உறுப்புக்களின் பெயர்களை முதியோரிடம் கேட்டெழுதுவாராக. வீடு வீழினும் அதன் சொல்லேனும் நிலைபெறும்.