கோழித் தீனிக்கு ஒரு ராட்சத வண்டி!
கட்டணத்தைக் குறைத்ததற்காகக் கோர்ட்டு ஏறிய ரெயில் கம்பெனி

கூட்ஸ் ரெயில் போனால் பெட்டிகளை எண்ணாத சிறுவர்கள் உண்டா? எண்ணும்போது கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரியும், எல்லா வண்டியும் ஒரே மாதிரி அல்ல.

அமெரிக்காவில் "சதர்ன் ரெயில்வே" என்று ஒரு கம்பெனி இருந்தது. நம் ஊர் ரெயில்வேயின் பெயர்தான். உறவு ஒன்றும் இல்லை! 1894-ல் தொடங்கிய கம்பெனி அது. அதன் தண்டவாளங்களில் "மூடிய ஹாப்பர்" வண்டிகள் ஓடின. மேலே கூரை. கூரையில் மூடி போட்ட வாய்கள். அடியில் புனல் போலச் சரிந்த தொட்டிகள். சரக்கை மேலே கொட்டுவார்கள். கீழே கதவைத் திறந்தால் தானாக இறங்கிவிடும்.

குட்டையும் நெட்டையும்

சிமெண்டு ஹாப்பர் குட்டை. தானிய ஹாப்பர் நெட்டை. ஏன் அப்படி?

ஒரு கன மீட்டர் சிமெண்டு ஏறக்குறைய ஒன்றரை டன் கனக்கும். அதே அளவு மக்காச்சோளம் முக்கால் டன்கூட இராது. நெட்டை வண்டி நிறையச் சிமெண்டைக் கொட்டினால் அச்சு என்ன ஆவது?

மூடியிலும் வித்தியாசம் உண்டு. சிமெண்டு வண்டியில் சின்னச் சின்ன மூடிகள். ஈரம் பட்டால் சரக்கு கல்லாகிவிடுமே! தானிய வண்டிகள் பலவற்றில் கூரை நெடுக ஒரே நீள வாய். வண்டி நகர நகரக் கொட்டிக்கொண்டே போகலாம்.

பலகை அடித்த கதவு

முன்பெல்லாம் தானியம் சாதாரணப் பெட்டி வண்டியில்தான் போயிற்று. கதவின் உட்புறம் பலகை அடித்து அடைப்பார்கள். இடுக்கு வழியே தானியம் சிந்தும். ஒரு வண்டிக்குச் சுமார் 50 டன். இறக்குவதற்கு ஆட்கள் உள்ளே போய் வாரித் தள்ள வேண்டும். செலவுக்குக் கேட்பானேன்!

ஜார்ஜியா, அலபாமா பக்கம் கோழிப் பண்ணைகள் அதிகம். தீனிக்கான சோளமோ வெகு தொலைவிலிருந்து வர வேண்டும். கோழியின் விலை தீனியின் விலையில் இருக்கிறது. தீனியின் விலை ரெயில் கட்டணத்தில் இருக்கிறது.

வந்தான் "பிக் ஜான்"

சதர்ன் ரெயில்வே அலுமினியத்தில் ஒரு பெரிய ஹாப்பர் செய்ய ஏற்பாடு செய்தது. பெயர் "பிக் ஜான்". அலுமினியம் இரும்பைவிட லேசு. வண்டியின் எடை குறைந்தால் சரக்கைக் கூட்டலாம் அல்லவா? ஒரு வண்டியில் சுமார் 100 டன்!

1961-ல் கம்பெனி தானியக் கட்டணத்தைச் சுமார் 60 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. ஆனால் நடந்தது வேறு. ஆற்றில் படகு ஓட்டும் கம்பெனிகள், "எங்கள் பிழைப்பு போய்விடும்" என்று எதிர்த்தன. கட்டணங்களைக் கண்காணிக்கும் மத்திய கமிஷன் குறைப்பை நிறுத்தி வைத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. கமிஷன் நிறுத்தி வைக்கும் கெடு முடிந்த பிறகு கட்டணக் குறைப்புக்குக் கோர்ட்டுகள் தடை போட முடியாது என்று 1963-ல் தீர்ப்பு வந்தது.

அதோடு முடியவில்லை. கமிஷனில் வாதம் தொடர்ந்தது. கடைசியில் 1965-ல்தான் கமிஷன் ஒப்புக்கொண்டது. படகுக்காரர்களின் பயமும் பொய் அல்ல. ஆனால் பண்ணைக்காரர்களுக்கு மலிவான சோளம் வந்து சேர்ந்தது.

1982-ல் சதர்ன் ரெயில்வே இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து "நார்போக் சதர்ன்" ஆயிற்று. மற்ற அமெரிக்க ரெயில்வேக்களும் பெரிய ஹாப்பர்களுக்கே மாறின. கதவுக்குப் பலகை அடிக்கும் வேலை மெல்ல மெல்ல மறைந்துபோயிற்று.