உங்களுக்குத் தெரியுமா?

1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட காணொளியை, விநாடிக்கு 30 சட்டகங்களாகச் சுருக்காது சேமித்தால், ஒரு மணி நேரத்திற்கே ஏறத்தாழ 670 கிகாபைட் வேண்டியிருக்கும். முந்தைய சட்டகத்தினின்று மாறிய அம்சங்களைப் பிரதானமாகக் குறித்துக்கொண்டு, மனிதக் கண் கவனியாத நுட்பபேதங்களைத் துறந்துவிடுவதனாலேயே, ரசனைக்குப் பெரும் பங்கமின்றி, அஃது இரண்டு மூன்று கிகாபைட்டில் அடங்குகிறது. இவ்வித்தைக்கு ஆதாரமான கொசைன் உருமாற்றத்தை 1974இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டவர்கள், பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுவும், டி. நடராஜனும், கே. ஆர். ராவும் என்பதை நினைக்குந்தோறும் உள்ளம் பூரிக்கிறது.

மொன்றியலைத் தலைமையிடமாகக் கொண்ட ஹைவிஷன் நிறுவனம், சுருக்கிய காட்சியைத் தடுமாறும் இணையவழியிலும் சிதையாது சேர்ப்பிக்கத் தான் வகுத்த எஸ்.ஆர்.டி. நெறிமுறையை, 2017இல், போற்றத்தக்க பெருந்தன்மையுடன் எவரும் எடுத்தாளத் திறந்துவிட்டது. வழியில் தொலைந்த தரவுப் பொட்டலங்களை மாத்திரம் மறுபடி கேட்டுப் பெறுவதே அதன் உபாயம்.