நான் கண்மூடிய பின் இவளுக்கு யார்?
குடும்பச் சொத்துக்கு ஒரு நம்பிக்கைப் பொறுப்பு

சென்ற தவக்காலத்தில் எழுபது வயது கடந்த தாய் ஒருவர் அறைவீட்டுக்கு வந்தார். கணவர் கடற்றொழிலாளி, இறந்து பல ஆண்டுகள். மூத்த மகன் கனடாவில். மகள் அயற்கிராமத்தில் மணமுடித்திருக்கிறார். கடைசி மகளுக்குப் பிறவியிலேயே மனவளர்ச்சி குறைவு.

"சுவாமி, மகன் வீட்டைத் தன்ர பெயருக்கு எழுதித் தரச் சொல்லுறான். தங்கச்சியைத் தான் பாப்பன் எண்டுறான். நல்ல பிள்ளைதான். ஆனா, நான் கண்ணை மூடினா இவளுக்கு ஆர்?"

இதே கேள்வியுடன் முன்னொருமுறை வந்த தகப்பன் ஒருவருக்கு, "மகனுக்கே எழுதிவிடுங்கள், அவர் பார்ப்பார்" என்று சொன்னவன் நான். மகன் கெட்டவரல்ல. காணியை ஈடுவைத்துப் படகு வாங்கினார். தொழில் படுத்தது. கடனுக்குக் காணி போயிற்று. அதனோடு தகப்பன் படுத்திருந்த திண்ணையும் போயிற்று. மகனின் அன்பில் குறை இருக்கவில்லை. நான் சொன்ன வழியில்தான் குறை இருந்தது.

சீராக்கின் ஞான நூல் 33ஆம் அதிகாரம் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறது. உயிரோடிருக்கும்போதே உடைமையைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் அதற்காகக் கையேந்தி நிற்காதே என்பது அதன் அறிவுரை. நமது நாட்டுச் சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது.

மூன்று வழிகள்

முதலாவது, நன்கொடை உறுதி. நம் ஊர்களில் அதிகம் எழுதப்படுவது இதுவே. ஆயுள் உரித்தை ஒதுக்கி எழுதினால், சாகும்வரை நீங்கள் அனுபவிக்கலாம். ஒதுக்காமல் கையொப்பமிட்டால் அன்றே வீடு பிள்ளையுடையது. ஏற்றுக்கொள்ளப்பட்ட நன்கொடையை நினைத்தவுடன் திரும்பப் பெற முடியாது. பெரும் நன்றிகேடு போன்ற காரணத்தை நீதிமன்றில் நிரூபிக்க வேண்டும்.

இரண்டாவது, மரண சாசனம். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன், அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளுடன் எழுதலாம். இறக்கும்வரை மாற்றலாம். ஆனால் இறந்த பின்னரே அது பேசும். நீங்கள் நோயில் விழுந்து கிடக்கும் காலத்துக்கு அது உதவாது.

மூன்றாவது, நம்பிக்கைப் பொறுப்பு. இதற்கான கட்டளைச் சட்டம் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாகும். சொத்தை ஒருவர் பெயரில் வைத்து, அதன் பயன் இன்னொருவருக்குச் சேர வேண்டும் என்று கட்டுவதே இது. பொறுப்பாளர் பெயரில் காணி இருக்கும். ஆனால் அது அவருடைய சொந்தச் சொத்தல்ல. அதிலிருந்து அவர் இலாபம் எடுக்க முடியாது. அவருடைய சொந்தக் கடனுக்கு அதைப் பிடிக்கவும் முடியாது. கணக்குக் காட்டுவது அவர் கடமை. தவறினால் பயன்பெறுபவரின் சார்பில் மாவட்ட நீதிமன்றம் செல்லலாம். தன்னைத்தான் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை உள்ள வீட்டுக்கு ஏற்ற வழி இதுதான்.

தொடங்குவது எப்படி?

1. எது உங்களுடையது என்று பாருங்கள். அந்தத் தாயிடம் இரண்டு காணிகள் இருந்தன. வீட்டுக்காணி அவருடைய சீதனம், முழுவதும் அவருடையது. தென்னங்காணி மணமான பின் வாங்கிய தேடியதேட்டம். தேசவழமைப்படி கணவர் இறந்தபோதே அதில் பாதி பிள்ளைகளுக்குப் போய்விட்டது. அதையும் சேர்க்க வேண்டுமானால் பிள்ளைகளும் கையொப்பமிட வேண்டும். கணவர் உயிரோடிருக்கும் பெண்கள், தேசவழமைக்கு உட்பட்டவர்களாயின், தம் சொந்தக் காணியை எழுதுவதற்கும் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் தேவை.

2. உறுதிகளைத் தேடுங்கள். இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் மனம் தளர வேண்டாம். நொத்தாரிசு முடித்த உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது வழக்கம். அங்கே பிரதிக்கு விண்ணப்பிக்கலாம்.

3. அரச அனுமதிப்பத்திரக் காணியை இவ்வாறு எழுத முடியாது. குடியேற்றத் திட்டங்களில் உள்ளவர்கள் பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை நியமித்துப் பதிய வேண்டும். 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இக்காணிகளின் வாரிசு வரிசையில் ஆண்களுக்கு இருந்த முன்னுரிமையை நீக்கியது. பெண்பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

4. பொறுப்பாளராக இருவரையாவது தெரிவு செய்யுங்கள். ஒருவர் இறந்தால் அடுத்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். பங்குத்தந்தையைப் போட வேண்டாம். நாங்கள் மாற்றலாகிப் போகிறவர்கள்.

5. உறுதியில் ஐந்து விடயங்கள் தெளிவாக இருக்கட்டும்: எந்தச் சொத்து, யார் பொறுப்பாளர், யாருக்குப் பயன், எதற்காகச் செலவிடலாம், அந்தப் பிள்ளைக்குப் பின் சொத்து யாருக்கு. இடையில் மாற்றும் உரிமை வேண்டுமானால் அதையும் அதிலேயே எழுதுங்கள்.

6. காணி சம்பந்தப்பட்டதால் நொத்தாரிசு முன்னிலையிலேயே முடிக்க வேண்டும். முடித்த கையோடு பதிவு செய்யுங்கள். பதியாத உறுதி, பின்னர் எழுதிப் பதிந்த உறுதியிடம் தோற்கக்கூடும். நொத்தாரிசு கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

பேச வேண்டியதைப் பேசுவோம்

எழுத்து வேலையைவிடக் கடினமானது குடும்பத்தாரை ஒன்றாக இருத்திப் பேசுவது. அந்தத் தாயின் வீட்டில் இரண்டு ஞாயிறு பேசினோம். "என்னில நம்பிக்கை இல்லையோ அம்மா?" என்று மகன் தொலைபேசியில் கோபித்தார். தாய் சொன்ன பதில் எனக்கு இன்றும் பாடமாக இருக்கிறது: "உன்னில நம்பிக்கை இருக்கு ராசா. உனக்கு ஒண்டு நடந்தா எண்டுதான் எனக்குப் பயம்."

மகன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் தென்னங்காணியில் தன் பங்கையும் சேர்க்கச் சொன்னார். இன்று சகோதரியும் தாயின் தம்பி மகனும் பொறுப்பாளர்கள். தேங்காய் விற்ற பணம் தனி வங்கிக் கணக்கில் விழுகிறது. கடைசி மகள் வழக்கம்போல் முற்றம் கூட்டுகிறாள். அந்த முற்றத்தை விட்டு அவளை எழுப்ப இனி எவருக்கும் இலேசில் முடியாது.

அன்பர்களே, இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு சென்றதும் பெட்டகத்தைத் திறந்து உறுதிகளை எடுத்துப் பாருங்கள். ஒரு கொப்பித் தாளில் காணிகளின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள். யார் மிக நலிந்தவரோ, அவருடைய பெயரை முதலில் எழுதுங்கள்.