அறுந்த இடத்திலிருந்து மீண்டும்

பாண்டுப்பில் வாழும் நம்மவர் ஒருவர், மழைக்கால இரவொன்றில், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து பழைய நூலொன்றைத் தம் கணினிக்கு இறக்க முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கந்தோறும் படமாக எடுக்கப்பெற்ற பெருங்கோப்பு அது. கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டு அவர் உறங்கச் செல்கிறார். நள்ளிரவில் இணைப்பு ஒரு நிமிடம் அறுந்து மீள்கிறது. விடிந்து பார்த்தால் பாதி நூலே வந்திருக்கிறது. இணைப்பு மீண்ட பின்னும் கருவி ஏன் வாளாவிருந்தது? மறுமுறை முயலும்படி அதற்கு எவரும் சொல்லவில்லை.

கட்டளை வரியில் இயங்கும் இத்தகைய கருவிகளுள் பெயர் பெற்றவை இரண்டு. குரோவேஷியரான ஹர்வோயே நிக்ஷிச் 1996-இல் வெளியிட்ட ‘டபிள்யூகெட்’, தடுமாறும் இணைப்புகளை மனத்திற்கொண்டே அமைக்கப்பெற்றது. நாம் ஒன்றும் கூறாவிடினும் 20 முறை வரை முயலும். சுவீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பர்க் 1998-இல் வெளியிட்ட ‘கர்ல்’ அவ்வாறன்று. 2004 டிசம்பரில்தான் மறுமுயற்சி வசதி அதிற் சேர்ந்தது. ‘ரீட்ரை’ என்று நாம் கட்டளையிட்டாலன்றி இன்றும் அது மீண்டும் முயலாது.

“தானாகவே மறுபடி முயலட்டும்” என்று கருவி செய்வோரைக் கேட்பது எளிது. ஆயினும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அவ்வேண்டுகோள் முழுமை பெறும்.

முதலாவது, எந்தப் பிழைக்கு? 404 என்னும் விடை ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்பது. நூறு முறை கேட்டாலும் பயனில்லை. 503 என்பது ‘இப்பொழுது இயலாது’ என்பது. சற்றுப் பொறுத்துக் கேட்கலாம். கர்லின் ரீட்ரை இத்தகைய தற்காலிகப் பிழைகளையே கருதும். நடுவழியில் இணைப்பு அறுவதை அது அவற்றுள் சேர்ப்பதில்லை. எல்லாப் பிழைகளுக்கும் முயலச் சொல்லும் தனிக் கட்டளை 2020-இல் வந்தது.

இரண்டாவது, எவ்வளவு இடைவெளி, எத்தனை முறை? காலையில் ஒரு லோக்கல் வண்டி நின்றுபோனால், பாண்டுப் நிலையத்தில் காத்திருப்போர் அனைவரும் அடுத்த வண்டியின் வாயிலில் ஒருசேர நெருக்குவதைக் கண்டிருக்கிறீர்கள். எவரும் எளிதில் ஏற முடிவதில்லை. தளர்ந்துபோன தொலைக்கணினியை ஆயிரம் கருவிகள் நொடிதோறும் தட்டினாலும் அதே நிலைதான். ஆகவே கர்ல் முதலில் 1 நொடி, பின்னர் 2, பின்னர் 4 என இருமடங்காக்கிக்கொண்டே, 10 நிமிடம் வரை இடைவெளி விடுகிறது. முயற்சிக்கு ஓர் எல்லையும் வேண்டும்.

மூன்றாவது, எங்கிருந்து? கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டுப் பெறும் முறையை, 1997-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகள் வகுத்துள்ளன. தொலைக்கணினி அதற்கு இடந்தருமாயின், டபிள்யூகெட் அறுந்த இடத்திலிருந்தே தொடரும். நம் பாண்டுப் அன்பருக்கு ஏற்ற கருவி அதுவே.

புதிய வசதி கேட்டு எழுதுவோர், நேர்ந்த பிழை எது, எவ்வளவு காத்திருக்கலாம், எங்கிருந்து தொடர வேண்டும், எப்பொழுது நிறுத்த வேண்டும் என்பவற்றையும் சேர்த்து எழுதுவாராக. விடாமுயற்சி நன்று, காலமும் இடமும் அறிந்து முயல்வதே மறுமுனையில் உள்ளவருக்கும் நன்று.